வெண்புள்ளியும் மனுவின் மூன்றாம் அத்தியாயமும்

2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தோல் நிறமிழந்து வெள்ளைத் திட்டுகள் தோன்றும் நிலையை இனி 'வெண்குஷ்டம்' என்று குறிப்பிடக்கூடாது, 'வெண்புள்ளிகள்' என்றே சொல்ல வேண்டும் என்றது அந்த ஆணை. கே. உமாபதி முன்னின்று நடத்தும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் விடாமல் வலியுறுத்திய கோரிக்கைக்குக் கிடைத்த வெற்றி அது. ஒரு சொல்லை மாற்றுவதற்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊர் வைத்த பெயரை உதறி, 'ஹரிஜன்' என்ற இரக்கப் பெயரையும் மறுத்து, தனக்கான பெயரைத் தானே சூட்டிக்கொண்ட மக்களின் பிள்ளைகளான நாம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டோம்.

ஆணை வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. என் கைகளிலும் கழுத்திலும் வெண்புள்ளிகள் இருக்கின்றன. தூத்துக்குடியில் என் சொந்தக்காரர்கள் இன்னும் பழைய சொல்லைத்தான், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். அரசாணையால் மாற்ற முடியாத ஏதோ ஒன்று அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கிறது. அது என்ன என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மருத்துவ உண்மைகளைச் சொல்லிவிடுகிறேன். நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைத் தயாரிக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறுதலாகத் தாக்கி அழிக்கும்போது அந்த இடம் வெளுக்கிறது. உலக மக்களில் நூற்றுக்கு 0.5 முதல் 2 பேர் வரை இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதில் கிருமி எதுவும் இல்லை. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டால் வரும் என்று எங்கள் கடற்கரையில் சொல்வது வெறும் கதை. மீனையே உண்டு வாழும் ஊர்கள் எல்லாம் வெளுத்துப்போய்விடவில்லை. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 6தான். சிலருக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதால் அதற்கான இரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. உயிருக்கு இதனால் ஆபத்து இல்லை.

இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்கு ஒரு குடும்பமே ஏன் கதவைச் சாத்திக்கொள்கிறது? எனக்கு 22 வயதில் முதல் புள்ளி வந்தபோது பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை, "எம்மா, உனக்குப் பின்னால ஒரு தங்கச்சி இருக்கா, நெனப்புல வச்சுக்க." வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவர் வாயில் வந்தது இரண்டாயிரம் ஆண்டுச் சட்டம்.

மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் திருமணத்தைப் பற்றியது. மாடும் தானியமும் எவ்வளவு நிறைந்திருந்தாலும் பெண் எடுக்கக்கூடாத பத்துக் குடும்பங்களை அது பட்டியலிடுகிறது. வேதம் ஓதாத குடும்பம், ஆண் குழந்தை பிறக்காத குடும்பம், வலிப்பு நோய் உள்ள குடும்பம் என்று போகும் அந்தப் பட்டியலில் வெண்புள்ளி உள்ள குடும்பமும் தொழுநோய் உள்ள குடும்பமும் தனித்தனியாக இடம்பெறுகின்றன. மனு விலக்கச் சொல்வது ஆளை மட்டும் அல்ல, மொத்தக் குலத்தையும் என்பதைக் கவனியுங்கள். அக்காவின் கையில் இருக்கும் புள்ளி தங்கையின் திருமணத்தைத் தடுக்கும் என்ற கணக்கு அங்கே எழுதப்பட்டுவிட்டது.

அதே அத்தியாயம் சிராத்தத்துக்கு யாரை அழைக்கக்கூடாது என்றும் பேசுகிறது. பார்வையற்றவர் ஒருவர் அங்கே இருந்தால் 90 பேருக்கு உணவிட்ட புண்ணியம் போய்விடுமாம், ஒரு கண் இல்லாதவரால் 60 பேருக்கானது, வெண்புள்ளி உள்ளவரால் 100 பேருக்கானது. தீட்டுக்கு எண் போட்டு விலைப்பட்டியலே தயாரித்திருக்கிறார்கள். பதினோராம் அத்தியாயம் காரணத்தையும் சொல்லிவிடுகிறது: முற்பிறவியில் துணி திருடியவருக்கு வெண்புள்ளி, குதிரை திருடியவருக்குக் கால் ஊனம். சேரியில் பிறந்ததற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற கதையை நமக்குச் சொன்ன அதே கர்மக் கொள்கைதான் இதையும் சொல்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் அந்த நூலை எரித்தபோது, நம் பெரியம்மாக்களின் வாயிலிருந்து வரும் இந்தச் சொற்களையும் சேர்த்துத்தான் எரித்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சாதியச் சமூகம் தோலை ஓர் அடையாள அட்டையாகப் படிக்கிறது. கறுத்த பார்ப்பனரையும் வெளுத்த தலித்தையும் நம்பாதே என்ற பொருளில் ஒரு பழமொழியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நிறத்தைப் பார்த்துப் பிறப்பைக் கணிக்க முடியாமல் போவது அந்தச் சமூகத்துக்குப் பதற்றம் தருகிறது. ஒரே உடலில் இரண்டு நிறம் இருந்தால் அந்தப் பதற்றம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் புள்ளிகள் கையில் தெரியத் தொடங்கிய மாதத்திலிருந்து எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக வைக்கப்பட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை, டம்ளர் மட்டும் வந்தது. என் ஆச்சி ஊர் டீக்கடையில் தேங்காய்ச் சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவர். எனவே எங்கள் வீட்டுக்கு இது இரண்டாவது டம்ளர். ஆதிக்க சாதியில் பிறந்து வெண்புள்ளியோடு வாழும் ஒருவருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் தனி டம்ளராக இருக்கும். அவருடைய வேதனை பொய்யில்லை. அந்த வேதனையிலிருந்து சிரட்டைக்கு ஒரு பாதை இருக்கிறது. அதில் அவர் நடந்து வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இங்கே நமக்குள்ளும் பேச வேண்டிய ஒன்று உண்டு. "இது குஷ்டம் இல்லை, பயப்படாதீர்கள்" என்பதுதான் வெண்புள்ளி பற்றி எங்கும் சொல்லப்படும் முதல் வாக்கியம். மருத்துவப்படி அது சரி, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால், குஷ்டமாக இருந்தால் ஒதுக்கலாம் என்று ஆகிவிடும். தொழுநோயும் கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுமையாகக் குணமாகக்கூடியது, அந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அப்படியிருந்தும் அதை மணமுறிவுக்கான காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. தனக்குக் கீழே ஒருவரைக் காட்டி 'நான் அவர் இல்லை' என்று தப்பிப்பது படிநிலைச் சாதியமைப்பு ஒவ்வொரு படியிலும் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் பழக்கம். தொழுநோயிலிருந்து மீண்டவரின் தோளில் ஏறி நின்று எனக்கு மரியாதை வாங்கித் தர வேண்டாம்.

சரி, சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் வருவோம். இது முழுக்க வர்க்கமும் சாதியும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்குக் காட்டியது எங்கள் ஊர் உப்பளம்.

தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பெண்களில் கணிசமானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். என் ஆய்வுக்காக அங்கே போய்வந்த நாட்களில், முழங்கை வரை புள்ளிகள் இருந்த ஓர் அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு நெழல்ல வேல. எனக்கு இந்த வெள்ள எடம் மட்டும் காந்தும் பாத்துக்க." நிறமிழந்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி இல்லை. மேலிருந்து வரும் வெயில் போதாதென்று உப்பின் வெண்மை கீழிருந்தும் அதைத் திருப்பி அடிக்கிறது. காயமோ தொடர்ந்த உராய்வோ படும் இடத்தில் புதிய புள்ளி தோன்றக்கூடும், இதைக் கோப்னர் விளைவு என்பார்கள். உப்புப் படிவம் கீறும் காலுக்கும், துறைமுகத்தில் கயிறு இழுக்கும் கைக்கும், வலை இழுக்கும் விரலுக்கும் இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

வேலையே புள்ளியைக் கொண்டுவருவதும் உண்டு. 1939இல் அமெரிக்காவில், ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்த தோல் பதனிடும் தொழிலாளர்களின் கைகள் வெளுத்துப்போனது ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது. கையுறையில் கலந்திருந்த ஒரு வேதிப்பொருள்தான் காரணம். நம் ஊரில் ஸ்டிக்கர் பொட்டின் பசையாலும் மலிவான ரப்பர் செருப்பின் வாராலும் அந்தந்த இடம் வெளுப்பதைத் தோல் மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். பொட்டு வைத்த இடத்தில் வெளுக்கத் தொடங்கினால் உடனே அதை நிறுத்திவிடுங்கள்.

சிகிச்சை இருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் களிம்புகள், 311 நானோமீட்டர் அளவில் தரப்படும் குறும்பட்டைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை, புள்ளி பரவாமல் நின்றுவிட்டவர்களுக்குத் தோல் ஒட்டு அறுவை ஆகியவை பலன் தருகின்றன. முகத்திலும் கழுத்திலும் நிறம் ஓரளவு நன்றாகத் திரும்பும். கைவிரல், பாதம், உதடு ஆகிய இடங்களில் திரும்புவது கடினம். கதிர்ச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த அக்காவுக்கு ஒரு நாள் கூலி போகும். 2022இல் அமெரிக்காவில் வெண்புள்ளிக்கென்றே அனுமதிக்கப்பட்ட ருக்சோலிட்டினிப் களிம்பின் விலை அங்கேயே சாதாரண மக்களுக்கு எட்டாதது.

மருத்துவம் எட்டாத இடத்தை மோசடி நிரப்புகிறது. நாற்பது நாளில் குணமாக்குவதாகச் சுவரொட்டி ஒட்டுவது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அதன் பட்டியலில் வெண்புள்ளியும் இருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு களிம்பு இன்னொரு ஆபத்து. அப்படிப் பல களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் ஒன்றிய அரசு அறிவித்தது. எனக்கு முதன்முதலில் ஒரு கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது அப்படியொரு டியூப்தான். மருத்துவர் அளவு சொல்லித் தரும்போது மருந்தாக இருப்பது, கணக்கில்லாமல் பூசினால் தோலை மெலிய வைத்துவிடும்.

'சிவப்பழகு' களிம்பு விற்கும் சந்தையும் நம் நண்பன் இல்லை. 1975 முதல் விற்பனையில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் குளோ அண்ட் லவ்லி ஆனது. கறுப்பின மக்களின் உயிர்கள் முக்கியம் என்ற முழக்கம் உலகெங்கும் ஒலித்த ஆண்டு அது. பெயர் மாறியும் நிற வேட்கை விற்பனைக்குத்தான் இருக்கிறது. ஜப்பானில் கானெபோ நிறுவனம் வெளுப்பாக்கும் பொருள் கலந்த தன் அழகுசாதனங்களை 2013இல் திரும்பப் பெற்றது. அவற்றைப் பூசிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்திருந்தன. வெளுப்பை அழகென்று விற்றவர்கள், அது திட்டுத்திட்டாக வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள்.

எனக்கு உதவிய பராமரிப்பு மிக எளிமையானது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், குடை, முழுக்கை பருத்திச் சட்டை, தோலை வறள வைக்காத சோப்பு, குளித்ததும் தடவும் தேங்காய் எண்ணெய். எண்ணெய் வறட்சிக்குத்தான், நிறத்துக்கு இல்லை. புள்ளியை மறைக்கும் ஒப்பனை வேண்டும் என்பவர் போடட்டும், வேண்டாம் என்பவர் விடட்டும், அது அவரவர் முடிவு. இவற்றில் சன்ஸ்கிரீன் மட்டும்தான் செலவு வைக்கும். நம் நாட்டில் அதை அழகுசாதனமாகவே பார்க்கிறார்கள். தான்சானியாவின் மோஷி நகரில் உள்ள தோல் மருத்துவப் பயிற்சி மையம் 'கிலிசன்' என்ற சன்ஸ்கிரீனை உள்ளூரிலேயே தயாரித்து, பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாத மக்களுக்கு இலவசமாகத் தருகிறது. நம்மைவிட வசதி குறைந்த நாட்டில் நடப்பது இங்கே ஏன் நடக்கக்கூடாது? மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் அரசு, வெண்புள்ளி உள்ள தொழிலாளருக்கு வெயில் காலத்தில் சன்ஸ்கிரீனும் கண்ணாடியும் காலுறையும் தரலாம். அரசு மருத்துவமனைகளில் கதிர்ச் சிகிச்சையை மாலை நேரத்திலும் நடத்தினால் கூலி போகாது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு சுவரொட்டி மீதாவது வழக்குப் போடலாம். இவற்றைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

திருமணத்தை மட்டும் அரசிடம் கேட்க முடியாது. சாதியின் உயிர் அகமண முறையில் இருக்கிறது என்று 1916லேயே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டிவிட்டார். சொந்த சாதி என்ற சின்ன வட்டத்துக்குள் மட்டுமே வரன் தேடும்போதுதான் ஒரு புள்ளி குடும்பத்தின் பேரழிவாகிறது. அந்த வட்டத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஒரு வீட்டின் ரகசியம் பத்து வீட்டின் பேரத்தில் போய் நிற்கும். வட்டம் உடைந்தால் அந்தப் பேரத்துக்கே இடமில்லை. என் தங்கை சாதி பார்க்காமல் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குலத்தையே கேட்காதவர்கள் குலத்தின் தோலைப் பற்றி எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். வெண்புள்ளியோடு வாழ்ந்த மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்த நாள் அது. வருகிற ஜூனில் ஊதா நிற முகப்புப் படம் வைப்பதோடு நிற்காதீர்கள். உங்கள் வீட்டில் வரன் பார்க்கும் பேச்சு நடக்கும்போது, "அந்தக் குடும்பத்துல ஒருத்திக்கு வெள்ளையா இருக்காம்" என்று யாராவது குரலைத் தாழ்த்தினால், அந்த இடத்திலேயே உரக்கப் பேசுங்கள். அந்தப் பேச்சில் சாதியும் கூடவே உட்கார்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றாகவே எழுப்பி வெளியே அனுப்புங்கள்.