ஒரே குவார்ட்டர்பேக்கை நம்பி ஒரு பருவம் முழுவதுமா?

செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால், அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு புதிய பேச்சு தொடங்கிவிடுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகள் ‘ஃபேண்டஸி ஃபுட்பால்’ எனப்படும் கற்பனை அணி விளையாட்டில் நண்பர்களோடு சேர்கின்றனர். பெற்றோர்களாகிய நாம் இதனைப் பொழுதுபோக்கு என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறோம். அல்லது வீண் வேலை என்று ஒரே சொல்லில் கண்டிக்கிறோம். இரண்டுமே போதாது. ஒரு மனிதரை எந்த அளவுக்குச் சார்ந்திருக்கலாம் என்னும் பெரிய கேள்வி இந்தச் சிறிய விளையாட்டுக்குள் இருக்கிறது.

விளையாட்டின் முறை எளிமையானது. லீகில் சேர்ந்தவர்கள் பருவம் தொடங்குமுன் ஒருவர் பின் ஒருவராக உண்மையான வீரர்களைத் தங்கள் அணிக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். அவ்வீரர்கள் களத்தில் ஆற்றும் செயலுக்கேற்ப வாரந்தோறும் புள்ளிகள் கிடைக்கின்றன. பெரும்பாலான லீகுகளில் வாரத்திற்கு ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டுமே களமிறக்க முடியும். அவர் பந்தை வீசி ஈட்டும் ஒவ்வொரு 25 கஜத்திற்கும் 1 புள்ளி. ஒவ்வொரு டச்டவுன் வீச்சுக்கும் 4 புள்ளிகள். பந்தை எதிரணி இடைமறித்துவிட்டால் புள்ளிகள் குறையும். 1963-இல் ஓக்லாந்தில் நடைபெற்ற முதல் லீகின் தேர்விலேயே முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் ஜார்ஜ் பிளாண்டா என்னும் குவார்ட்டர்பேக்குடையது. ஆக, இந்தச் சார்பு அந்த விளையாட்டோடு உடன் பிறந்ததாகும்.

அது காரணமற்ற சார்பும் அன்று. 2013-ஆம் ஆண்டுப் பருவத்தில் பெய்டன் மானிங் 55 டச்டவுன்களை வீசினார். 5,477 கஜங்களைக் கடந்தார். டச்டவுன் வீச்சுகளுக்கு மட்டுமே 220 புள்ளிகள்! அவரைத் தம் அணியில் வைத்திருந்தவர்கள் வேறு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருந்திருக்காது.

ஆனால், அதே மானிங் 2011-இல் கழுத்து அறுவைச் சிகிச்சையின் காரணமாக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவரையே அச்சாணியாகக் கொண்டிருந்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி அவ்வாண்டு 16 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. டாம் பிராடி 2007-இல் 50 டச்டவுன்களை வீசி அன்றைய சாதனையைப் படைத்தார். 2008-இன் முதல் ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே முழங்கால் காயமுற்று அப்பருவத்தையே இழந்தார். ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்ட் 24 அன்று, பருவம் தொடங்க இரண்டே வாரங்கள் இருக்கையில், 29 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆரன் ராட்ஜர்ஸ் 2023 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்தில், நான்கே நகர்வுகளில் குதிகால் தசைநார் கிழிந்து வெளியேறினார். இவர்களுள் எவரும் திறமை குன்றியதால் வீழ்ந்தவர் அல்லர். மனித உடல் அத்தகையது; மனித வாழ்வும் அத்தகையதே.

இதற்காக எவரையும் நம்பவே கூடாது என்று நாம் கூற வரவில்லை. மாற்று ஏற்பாடு வேண்டும் என்றே கூறுகிறோம். இப்போதைய அட்டவணைப்படி ஒவ்வோர் அணியும் 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடுகிறது. எனவே காயமே இல்லாவிட்டாலும், ஒரு வாரம் அந்த வீரர் நமக்குக் கிடைக்கமாட்டார் என்பது முன்பே தெரிந்த செய்தி. மேலும், தொழில்முறை அணிகள் 32 உள்ளன. 12 பேர் கொண்ட லீகில் வாரத்திற்குத் தேவைப்படுவோரோ 12 குவார்ட்டர்பேக்குகள். மாற்று வீரர் கிடைக்க வழி இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் பலர் தங்கள் முதல் தேர்வுகளை ஓட்டக்காரர்களுக்கும் பந்து பிடிப்பவர்களுக்கும் செலவிட்டுவிட்டு, குவார்ட்டர்பேக்கைப் பிறகு எடுத்துக்கொள்வதற்கு இக்கணக்கே காரணம். முதலில் ஒட்டகத்தைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்னும் பாடத்தை மதரஸாவில் பயின்ற நம் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. முயற்சியை மனிதர்மீதும் முடிவை இறைவன்மீதும் வைப்பதே தவக்குல். முடிவையும் சேர்த்து ஒரு மனிதரின் தோளில் ஏற்றுவது அவருக்கும் நியாயமன்று, நமக்கும் நன்மையன்று.

இதைவிட முக்கியமானது உள்ளத்தின் நிலை. ஒரே வீரரைச் சார்ந்தவர், நாளடைவில் அவரை மனிதராகக் காண்பதை விட்டுவிடுகிறார். அவர் தரையில் விழுந்தால் “வலிக்குமே” என்று நெஞ்சம் பதறுவதற்கு முன்பு, “என் புள்ளிகள் போயிற்றே” என்று வாய் முந்திக்கொள்கிறது. காயமுற்ற வீரர்களைச் சமூக ஊடகங்களில் வசைபாடுவோரும் உள்ளனர். புறம் பேசுதலையும் ஏசுதலையும் தடுக்கும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம், திரைக்கு அப்பால் இருப்பவருக்கும் மானம் உண்டு என்பதை மறக்கலாகாது.

2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்வது தகும். பெரும்பாலான கற்பனை லீகுகளின் இறுதிப் போட்டி நடைபெறும் 17-ஆவது வாரம் அது. ஜாஷ் ஆலன், ஜோ பரோ ஆகிய இரு குவார்ட்டர்பேக்குகளின் அணிகள் மோதின. எத்தனையோ லீகுகளின் வெற்றி தோல்வி அவ்விருவரின் கைகளில் இருந்தது. முதற் பகுதியிலேயே பஃபலோ அணியின் தடுப்பு வீரர் டமார் ஹேம்லின் இதயம் நின்று களத்தில் சாய்ந்தார். களத்திலேயே அவருக்கு உயிர்காப்புச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆட்டம் நிறுத்தப்பட்டு, பின்னர் ரத்து செய்யப்பட்டது. லீகுகளின் கணக்கு அந்தரத்தில் நின்றது. ஆயினும் அந்நாட்களில் மக்கள் செய்தது என்ன? ஏழைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்க, 2,500 டாலர் இலக்குடன் ஹேம்லின் முன்பு தொடங்கியிருந்த நிதிக்கு 80 இலட்சம் டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தனர். அவர் பிழைத்தெழுந்து, அதே ஆண்டிலேயே மீண்டும் களம் கண்டார். புள்ளிக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாட்டை மனிதர்கள் முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பல லீகுகளில் தொடக்கத்தில் ஆளுக்கு இவ்வளவு டாலர் என்று திரட்டி, வென்றவருக்கு வழங்குகின்றனர். பலர் இழக்க ஒருவர் பெறும் இம்முறை சூதாட்டமே என்பது நம் நிலைப்பாடு. “இருபது டாலர்தானே” என்னும் சமாதானம் இதற்குப் பொருந்தாது. பணமில்லாத லீகுகளும் தாராளமாக உள்ளன. பிள்ளை எந்த லீகில் சேர்ந்திருக்கிறான் என்று கேட்டறிவது பெற்றோரின் கடமை. அதைக் கடுகடுப்பின்றிக் கேட்பது பெற்றோரின் அறிவுடைமை.

ஆகவே, வரும் பருவத்தில் உங்கள் மகனோ மகளோ அணி தேர்ந்தெடுக்கும்போது சற்று அருகில் அமருங்கள். “யாரை எடுத்தாய்?” என்பதோடு நிறுத்தாமல், “அவர் ஆட முடியாமற்போனால் என்ன செய்வாய்?” என்றும் கேளுங்கள். ஒரே வருமானம், ஒரே வேலை, ஒரே தேர்வு என்று வாழ்க்கையில் அவர்கள் பின்னர் எதிர்கொள்ளப்போகும் எல்லாவற்றுக்கும் அக்கேள்வி பொருந்தும். விடையை அவர்களே தேடட்டும். காயமுற்ற வீரருக்காக ஒரு துஆ கேட்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். சாய்வதற்கு ஒரு தோள் எப்போதும் வேண்டும்தான். ஆனால் என்றும் சாயாதவன் ஒருவன் மட்டுமே என்பதை நம் பிள்ளைகள் உணர்ந்து வளர, அல்லாஹ் அருள்புரிவானாக!