அடிபட்டவன் எந்த ஊரான்?



1931ஆம் ஆண்டு, டிசம்பர்த் திங்கள் 13ஆம் நாள் இரவு. நியூயார்க் மாநகரிலே, ஐந்தாவது அவென்யூ எனும் அகன்ற சாலையிலே, ஆங்கிலேயர் ஒருவர் வாடகை மோட்டாரிலிருந்து இறங்குகிறார். நண்பரின் இல்லம் தேடி நெடுநேரம் சுற்றியவர். வீட்டு எண்ணை மறந்துவிட்டவர். பொறுமையிழந்து, நடந்தே தேடலாம் என்று சாலையைக் கடக்கிறார். பாதி கடந்ததும் பழக்கத்தால் அவர் கண்கள் இடப்புறம் நோக்குகின்றன. அவருடைய நாட்டிலே அதுதான் முறை. அமெரிக்காவிலோ வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகச் செல்பவை. மறுபாதியிலே ஆபத்து வலப்புறமிருந்துதான் வரும். வந்தது! மோட்டார் ஒன்று அவரை மோதித் தள்ளிற்று. நெற்றியிலே எலும்பு தெரியும் அளவுக்குக் காயம். விலா எலும்புகளிலே விரிசல். சில நாட்களில் நுரையீரலைச் சூழ்ந்த சவ்விலே அழற்சி.

அப்படி வீழ்ந்து கிடந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில்! காந்தியார் அரை உடையோடு வைசிராய் மாளிகையின் படியேறுவது காணக் குமட்டுகிறது என்று பேசினாரே, அதே சர்ச்சில். அப்படிப் பேசியதும் அதே 1931இல்தான். ஏகாதிபத்தியவாதி இடறி விழுந்தார் என்று கைகொட்டுவதற்காக இதை நான் எழுதவில்லை. தவறு என்னுடையது, வண்டி ஓட்டியவர்மீது பழியில்லை என்று காயத்தோடு கிடந்தபோதே அவர் காவல்துறையிடம் கூறினார். மாற்றாரிடம் நேர்மை தென்பட்டால் அதை நேர்மை என்று கூறுவதிலே நமக்குக் குறைவு ஏதுமில்லை.

நான் உங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புவது வேறிடத்தில். லெனாக்ஸ் ஹில் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றார்கள். குருதி வடிய, வலி உயிரை வாட்ட, அங்கே அவர் கிடந்த வேளையில், எழுத்தர் ஒருவர் வந்து, தனி அறைக்கும் மருத்துவருக்கும் பணம் கொடுக்க இசைவு உண்டா என்று கேட்டாராம். இதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். உண்டு என்றார். கதவு திறந்தது. ஒரு வாரம் மருத்துவமனை. பிறகு பஹாமாத் தீவுகளிலே கடற்காற்று. 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தைச் சரிவிலே இழந்த பணத்தை ஈடுகட்டவே சொற்பொழிவுப் பயணம் வந்தவர், விபத்தையும் விடாமல் கட்டுரையாக்கி இலண்டன் நாளேட்டுக்கு விற்றார். அமெரிக்காவிலே அப்போது மதுவிலக்கு. ஆனால் உடல் தேற மது தேவை, குறைந்த அளவு இவ்வளவு என்று மருத்துவர் சீட்டே எழுதிக் கொடுத்தார்! செல்வாக்குள்ளவருக்குச் சட்டமும் மருந்தாகிவிடுகிறது.

உண்டு என்று கூற அவரால் முடிந்தது. இல்லை என்று கூற வேண்டிய நிலையிலுள்ள ஒருவர் அந்தக் கட்டிலிலே கிடந்திருந்தால்?

அயல்நாட்டிலே அடிபடுவது என்பது ஊரிலே அடிபடுவதைப் போன்றதன்று, தோழர்களே. இங்கே ஒருவன் சாலையிலே விழுந்தால், அடுத்த தெருக்காரன் ஓடிவருவான். இன்னார் மகன் என்பான். வீட்டுக்குச் செய்தி போகும். மைத்துனன் நகையை அடகு வைத்துப் பணத்தோடு வருவான். அயல்நாட்டிலே விழுந்தவனுக்குத் தெரு இல்லை, மைத்துனன் இல்லை. வலி எங்கே என்று கூற மொழிகூட இல்லை. சட்டைப்பையிலே இருக்கும் கடவுச்சீட்டுத்தான் அவனுக்கு ஊரும் உறவும். அந்த நிலையிலே அவனுக்கும் சாவுக்கும் இடையே நிற்பது அந்த நாட்டின் மனப்பான்மை ஒன்றே.

ஆகவேதான் சொல்லுகிறேன்: ஒரு நாட்டின் ஆட்சி எத்தகையது என்பதை அறிய அதன் அணிவகுப்பைப் பார்க்க வேண்டாம், மாளிகைகளை அளக்க வேண்டாம். பெயர் தெரியாத அயலான் ஒருவன் எலும்பு முறிந்து மருத்துவமனை வாயிலிலே கிடக்கும்போது முதலிலே அவனிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்பதா? எவ்வளவு வைத்திருக்கிறாய் என்பதா?

சர்ச்சில் விழுந்த அதே காலத்திலே, அவருடைய நாட்டுப் பாராளுமன்றத்திலே, எதிர்வரிசையிலே, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். அனூரின் பெவான் அவர் பெயர். அவர் பிறந்த திரெடிகர் என்னும் சிற்றூரிலே தொழிலாளர்கள் தங்கள் கூலியிலே சிறுகாசு ஒதுக்கி, பொதுநிதி சேர்த்து, மருத்துவர்களை அமர்த்திக்கொண்டிருந்தனர். நோய் வந்தவன் காசு கொடுப்பதில்லை. நோய் வராதபோதே எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்! அந்த ஊர் ஏற்பாட்டைத்தான் பெவான் பின்னாளிலே அமைச்சராகி ஒரு நாட்டுக்கே விரித்தார். 1948 ஜூலை 5ஆம் நாள் பிரிட்டனிலே தேசிய சுகாதாரப் பணி தொடங்கிற்று.

தொடங்கியதுதான் தாமதம், கூக்குரல் கிளம்பிற்று. என்ன கூக்குரல்? அயல்நாட்டார் வந்து நம் வரிப்பணத்திலே மூக்குக்கண்ணாடியும் கட்டுப்பல்லும் பெற்றுச் செல்லுகிறார்கள் என்பது! கேட்ட குரலாகத் தோன்றுகிறதல்லவா? நம் ஊர்த் தேநீர்க்கடையிலும் இன்று ஒலிக்கும் குரல்தான். எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் நம் மருத்துவமனைப் படுக்கைகளை நிரப்புகிறார்கள் என்று பேசுவோர் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பெவான் தந்த மறுமொழி நம்மவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. அயலார் இங்கே வாங்கும் பொருள்களுக்கு வரி செலுத்துகிறார்களே, அதை மறந்தீரோ என்று கேட்டார். அதைவிடக் கூர்மையான கேள்வி மற்றொன்று. அயலானைத் தனியே பிரித்தெடுப்பது எப்படி? முகத்தைப் பார்த்தா? பேச்சைக் கேட்டா? முடியாது. அயலானல்லன் என்று மெய்ப்பிக்கும் சுமை உள்நாட்டான் தலையிலே விழும். ஒவ்வொருவரும் அடையாளச் சீட்டைச் சுமந்து திரிய நேரிடும். அயலானைத் தடுப்பதற்கென்று தொடங்கும் முயற்சி எல்லோருக்குமே தொல்லையாக முடியும் என்று 1952இலே வெளிவந்த தம் நூலிலே அவர் எழுதினார்.

கட்டணம் வாங்கும் அதிகாரத்தை 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கொடுத்திருந்தது. ஆயினும் 1951இலே மீண்டும் பிரதமரான சர்ச்சிலின் ஆட்சி அதைச் செயல்படுத்தவில்லை. 1982வரை அதற்கான விதிகளே இயற்றப்படவில்லை. நியூயார்க்கிலே எழுத்தரின் கேள்விக்கு மறுமொழி கூறியவர் ஆண்ட நாட்டிலே, அடிபட்டு வந்த அயலானிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. வரலாறு சிலவேளை நல்ல நகைச்சுவை எழுத்தாளன்!

விதிகள் வந்த பிறகு நடந்தது என்ன? இங்கிலாந்திலே, அவசரப் பிரிவிலே தரப்படும் சிகிச்சைக்கு இன்றும் எவரிடமும் கட்டணமில்லை. ஆனால் அங்கிருந்து படுக்கைக்கு மாற்றப்பட்டால், விலக்கு ஏதும் இல்லாத அயல்நாட்டாரிடம் வழக்கமான விகிதத்தைப்போல் ஒன்றரை மடங்கு கேட்கப்படுகிறது. கீழ்த்தளத்திலே மனிதன், மேல்தளத்திலே வாடிக்கையாளன்! பெவான் அஞ்சியதும் நடந்தேவிட்டது. கரிபியன் தீவுகளிலிருந்து சிறுவயதிலே வந்து, பல பத்தாண்டுகள் உழைத்து, வரி கட்டி வாழ்ந்தோர், தாள் இல்லை என்ற காரணத்தால் அயலாராக நடத்தப்பட்டனர். 2018இலே வெடித்த வின்ட்ரஷ் விவகாரம் என்பது அதுதான். அவர்களிலே ஒருவரிடம், புற்றுநோய்ச் சிகிச்சை வேண்டுமானால் 54,000 பவுன் செலுத்துக என்றனர். அயலானுக்காகப் பூட்டிய பூட்டு வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திற்று.

இதற்கு நேர்மாறான காட்சியைக் காண நியூசிலாந்துக்கு வாருங்கள். விபத்தால் வரும் துன்பத்தைச் சமுதாயம் முழுவதும் சேர்ந்து சுமக்க வேண்டும், யார் தவறு என்ற வழக்காடல் தேவையில்லை என்று நீதிபதி உட்ஹவுஸ் தலைமையிலே அமைந்த குழு 1967இலே அறிக்கை தந்தது. 1972இலே சட்டம், 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறை. முதலிலே உழைப்போருக்கும் மோட்டார் விபத்திலே சிக்கியோருக்கும் என்று வரைந்தனர். தொடங்கும் முன்னரே தொழிற்கட்சி ஆட்சி அதை எல்லோருக்கும் விரித்தது. எல்லோருக்கும் என்றால், பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்தவருக்கும்கூட! அதற்கு ஈடாக, அடிபட்டவர் நட்டஈடு கேட்டு நீதிமன்றம் செல்லும் உரிமை நீக்கப்பட்டது. வழக்கறிஞர்களுக்கு இழப்புத்தான், நாம் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை.

ஏட்டிலே மட்டும் இருந்த சட்டமன்று அது. 2019 டிசம்பர் 9ஆம் நாள், வக்காரி என்னும் வெள்ளைத் தீவிலே எரிமலை வெடித்தது. அப்போது தீவிலே இருந்தோர் 47 பேர். பெரும்பாலோர் உல்லாசக் கப்பலிலே வந்த அயல்நாட்டார். 22 உயிர்கள் பறிபோயின. பிழைத்தோரிலே பலர் உடலெங்கும் வெந்த நிலையிலே. வெந்த உடலை மூடத் தோல் வேண்டுமே. உள்ள இருப்புப் போதாது. அமெரிக்கத் திசு வங்கிகளிடம் 12 இலட்சம் சதுர சென்டிமீட்டர் தோல் கேட்டனர்! இறந்தோர் ஈந்த தோல், கடல் கடந்து வந்து உயிருள்ளோரை மூடிற்று. யாருடைய தோல், யாருடைய உடல்? அங்கே எவரும் ஊர் கேட்கவில்லை. அந்நாட்டு மண்ணிலே அவர்கள் பெறும் சிகிச்சை, சட்டப்படி, பொதுத்திட்டத்தின் பொறுப்பு.

முழுமையான ஏற்பாடா எனில், இல்லை. ஊர் திரும்பிய பின் தொடரும் சிகிச்சைக்கு அத்திட்டம் பொறுப்பேற்காது. அயல்நாட்டிலே இழந்த ஊதியத்தை ஈடு செய்யாது. அந்தக் குறையும் நம் கணக்கிலே இருக்கட்டும்.

அமெரிக்காவைப் பற்றி நீட்டி எழுத ஏதுமில்லை. உயிருக்குப் போராடுபவரைப் பணமில்லை என்று வாயிலிலிருந்து விரட்டாதே என்று சட்டம் போடவே 1986வரை ஆயிற்று அந்தச் செல்வபுரிக்கு. அந்தச் சட்டமும் சோதித்துப் பார், நிலையை உறுதிப்படுத்து என்கிறது; இலவசம் என்று சொல்லவில்லை. காயம் ஆறும்முன் கணக்குச் சீட்டு வந்து சேரும்.

நாம் எப்படி என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஸ்கூட்டரிலே சென்று அடிபட்ட ஒருவரை, இது காவல்துறை தொடர்பான வழக்கு, இங்கே பார்ப்பதற்கில்லை என்று வேறு மருத்துவமனைக்குத் திருப்பியனுப்ப, வழியிலேயே அவர் மாண்டார். அதையொட்டி எழுந்த வழக்கிலே, முதலில் உயிரைக் காப்பாற்று, சடங்குகள் பிறகு என்று உச்சநீதிமன்றம் 1989இலே கூறிற்று. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் இது கடமை என்றது. உயிர் வாழும் உரிமையைக் கூறும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு, குடிமகன் என்று எழுதவில்லை. எந்த ஆளும் என்றே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டிலே 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், இம்மண்ணிலே சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தாராயினும், எந்த நாட்டாராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, 1 இலட்சம் ரூபாய் என்ற வரம்போடு, அரசே ஏற்கும் என்று வகுத்தது. மாமல்லபுரம் காண வந்து சாலையிலே வீழும் பிரெஞ்சுக்காரருக்கும், திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒடியத் தொழிலாளிக்கும் ஒரே வாயில். தேநீர்க்கடைக் குரலுக்கு நீங்கள் தர வேண்டிய மறுமொழி இதிலே இருக்கிறது. நாற்பத்தொன்பதாவது மணி என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். அதையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏனெனில், நம் பிள்ளைகள் அயலாராக வாழும் நாடுகள் எத்தனை! வளைகுடாவிலே சாரத்தின்மீது நின்று கட்டடம் எழுப்புவோர் யார்? சிங்கப்பூரிலே கப்பல் பழுது பார்ப்போர் யார்? அவர்கள் விழும்போது அங்கே என்ன கேள்வி கேட்கப்படும்? சிங்கப்பூரிலே, பணியிடக் காயத்துக்கு, யார் தவறு என்று பாராமலேயே ஈடு தரும் சட்டம் உண்டு. அயல்நாட்டுத் தொழிலாளரும் அதிலே அடக்கம். ஆனால் வீட்டு வேலைக்குச் சென்ற நம் சகோதரிகள் அதிலே இல்லை. அவர்களுக்கு முதலாளி வாங்கித் தரும் தனிக் காப்பீடு மட்டுமே.

இங்கிருந்து புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பைக் கடக்காத உழைப்பாளி, குடியேற்ற அனுமதி பெற்றுக் குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது, பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. விபத்திலே இறந்தாலும், நிலையாக ஊனமுற்றாலும் 10 இலட்சம். ஆனால் தரகர்கள் செய்வதென்ன? சுற்றுலா விசாவிலே விமானம் ஏற்றிவிடுகிறார்கள். சுற்றுலா விசாவுக்குக் குடியேற்ற அனுமதி இல்லை. அனுமதி இல்லையேல் அந்தக் காப்பீடும் இல்லை. தரகுக்கு இலட்சக்கணக்கிலே கடன் வாங்கிக் கொடுத்தவன், 275 ரூபாய்த் தாள் இல்லாமல் பறக்கிறான்!

உங்கள் கிளையின் எல்லைக்குள்ளே, அடுத்த திங்கள் வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர் எவராவது இருப்பார். இந்த ஞாயிறு மாலை அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். கையிலிருக்கும் விசா வேலைக்கானதா, சுற்றுலாவுக்கானதா என்று பாருங்கள். காப்பீட்டுத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்குமானால், அதிலே ஒரு படி எடுத்து அவர் தாயாரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.