சேற்றில் விழுகிற பிள்ளையைத் திட்டுகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். நாற்பது நிமிட பீரியடில் பேசிப் பழகியவளுக்கு நாலு வரியில் முடிக்கத் தெரியாது.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. என் அண்ணன் மகன் தலை முதல் கால் வரை சேறு அப்பிக்கொண்டு, பைக்கோடு ஒரு பள்ளத்தில் சரிந்து விழுகிறான். சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேர் கைதட்டிச் சிரிக்கிறார்கள். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். "சம்பாதிக்கிறதை மண்ணுல கொட்டுறான்." "பெட்ரோல் விக்கிற விலையில இது தேவையா?" "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்." கடைசியில் அண்ணி எனக்கே போன் செய்து, "நீ சொன்னா கேப்பான், கொஞ்சம் சொல்லு" என்றார்கள். சொல்கிறேன். ஆனால் அவனுக்கு இல்லை, உங்களுக்கு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ராத்திரியில் பைபாஸில் சைலன்சரைக் கழற்றிவிட்டு நூறு, நூற்றிருபதில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிறார்களே, அது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்ணில் பைக் ஓட்டுவது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் இரண்டு பேரை சுங்குவார்சத்திரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் பறிகொடுத்தவள் நான். ஒருவனுடைய அம்மா இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அந்த வேகத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

மண்ணில் வேகமே கிடையாது. நம்ப மாட்டீர்கள், நான் நேரில் போய்ப் பார்த்தேன். ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகும் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலம். காலை ஆறு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னைப் பனைமர நிழலில் உட்கார வைத்துவிட்டார்கள். முதல் கியர், இரண்டாவது கியர், அவ்வளவுதான். இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியவனைப் பார்த்து மற்றவர்கள் கத்துகிறார்கள். பாதி நேரம் பைக்கைத் தள்ளுகிறார்கள். மீதி நேரம் தூக்குகிறார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது என் பாடம்தான். இயற்பியல் டீச்சரை அங்கே கூட்டிப் போனால் வேறென்ன நடக்கும்? டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். ஏன் என்று ஒரு பையனைக் கேட்டேன். "கிரிப் கிடைக்கும் டீச்சர்" என்றான். ஏன் கிடைக்கும் என்றேன். முழித்தான். காற்று குறைந்தால் டயர் தட்டையாகித் தரையில் படும் பரப்பு கூடும். அதே எடை கூடுதல் பரப்பில் பரவும்போது அழுத்தம் குறையும், சக்கரம் இளகிய மண்ணில் அவ்வளவு சீக்கிரம் புதையாது. அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பிள்ளைதான் அவன். இருபத்தாறு வயதில் சேற்றில் நின்றுகொண்டு "ஓ, அதுவா இது!" என்றான்.

முன் சக்கரத்தைக் கவனியுங்கள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டிகளில் முன் சக்கரம் 21 அங்குலம். நாம் ஓட்டுகிற சாதாரண பைக்கில் 17 அல்லது 18தான் இருக்கும். பெரிய சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறி இறங்கிவிடும். மாட்டு வண்டிச் சக்கரத்தை நம் முன்னோர்கள் ஏன் அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள் என்பதும் இதே கணக்குதான். ஓட்டுகிறவன் சீட்டில் உட்காராமல் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்பதும் சினிமா ஸ்டைலுக்காக இல்லை. முழங்காலும் கணுக்காலும் ஸ்பிரிங்காக வேலை செய்ய, வண்டி கீழே குதித்தாலும் உடம்பு ஓரளவு நிதானமாக இருக்கும். பழைய ஆள் ஒருவர் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "கல்லைப் பாக்காத. கல்லைப் பாத்தா கல்லு மேலதான் போவ. போக வேண்டிய இடத்தைப் பாரு." இதை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இது வெளிநாட்டுப் பழக்கம் என்று சித்தப்பா எழுதியிருந்தார். சித்தப்பா, நீங்கள் முப்பது வருஷம் ஓட்டிய புல்லட்டே சேற்றில்தான் பெயர் வாங்கியது. 1948இல் அந்த 350 சிசி புல்லட் முதலில் தலை காட்டியது இங்கிலாந்தில் ஒரு சேற்றுப் போட்டியில். அதே ஆண்டு இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன, இரண்டும் தங்கப் பதக்கம் வாங்கின. 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, அது திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. இன்று அதே கம்பெனியின் தொழிற்சாலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. யமஹாவும் வல்லம் வடகாலில்தான் இருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். இருங்காட்டுக்கோட்டை என்றால் உங்களுக்கெல்லாம் ஹூண்டாய் கார் கம்பெனி ஞாபகம் வரும். அதற்கு முன்பே அங்கே பந்தயத் தடம் வந்துவிட்டது. 1953இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் முதலில் சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்தினார்கள். சோழவரம் ரேஸ் என்றால் அந்தக் காலத்தில் மெட்ராஸே திரண்டு போகும். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தாங்களே ஒரு தடம் அமைத்தார்கள், ஏறக்குறைய 3.7 கி.மீ. நீளம். அரசாங்கம் கட்டிக்கொடுத்தது இல்லை. வண்டிப் பைத்தியம் பிடித்த மனிதர்கள் ஒன்றுசேர்ந்து செய்த காரியம். அது தார்த்தடம், நான் பேசுவது மண்தடம், ஆனாலும் ஆசைக்காரர்கள் கூடினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் ஊர் வாசலிலேயே இருக்கிற சாட்சி அது.

இப்போது அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்கிறேன். ஒருவன் உசிலம்பட்டிப் பக்கம், டிப்ளமோ முடித்து வந்தவன். இரண்டு பேர் பீகார். ஒருவர் ஒரு பாகம் செய்யும் கம்பெனியில் மேனேஜர், நாற்பத்தைந்து வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். ஒரு பெண், நம் பள்ளியில் படித்தவள்தான், குவாலிட்டி செக்ஷனில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவளிடம் சொந்த பைக் இல்லை, ஆளாளுக்கு ஒரு சுற்று அவளுக்குத் தருகிறார்கள். இந்தக் காரிடாரில் வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட். கம்பெனி பஸ், கேன்டீன், ரூமில் ஆறு பேர். பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவனுக்கு வேறு ஷிஃப்ட் என்றால் வாரக்கணக்கில் அவன் முகத்தையே பார்க்க முடியாது. பெர்மனென்ட் ஆளும் கான்ட்ராக்ட் ஆளும் ஒரே லைனில் நின்றாலும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பது அபூர்வம்.

அங்கே சேற்றில் அந்த மேனேஜர் விழுந்தார். பீகார் பையன் ஓடிப்போய்த் தூக்கினான். தூக்கிவிட்டு ஹிந்தியில் ஏதோ திட்டினான், அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். எனக்கு ஹிந்தி தெரியாது, ஆனால் திட்டு வாங்குகிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும், முப்பது வருஷம் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய சட்டம் ஒன்றே ஒன்று: யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. முன்னே போகிறவன் திருப்பத்தில் நின்று பின்னால் வருகிறவன் தெரிகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் ஓட்டத் தெரிந்த ஒருவர் வருவார், அவர் பையில் ட்யூப், பம்ப், ஸ்பேர் கிளட்ச் லீவர், முதலுதவிப் பெட்டி. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் நாலு பஞ்சர். எல்லாம் வேலிக்காத்தான் முள். களிமண் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் சிமென்ட் மாதிரி அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுகிறது. குச்சியால் குத்திக் குத்தி எடுக்கிறார்கள். ஒருவன் வண்டி நின்றால் எல்லார் வண்டியும் நிற்கிறது. நம் வீட்டுக் கல்யாணத்தில்கூட சாப்பாட்டுப் பந்தியில் இந்த ஒழுங்கை நான் பார்த்ததில்லை. (கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. பெங்களூர்க்காரர் சி.எஸ்.சந்தோஷ், 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியர், 2021 ஜனவரியில் அதே பந்தயத்தில் சவுதி பாலைவனத்தில் விழுந்து தலையில் அடிபட்டார், மருத்துவர்கள் அவரை மருந்து கொடுத்து மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். பிழைத்து வந்தார். அது உலகத்திலேயே கடினமான பந்தயம், நம் பிள்ளைகள் ஓட்டுவது தரிசு நிலம். இருந்தாலும் சொல்கிறேன், ஹெல்மெட், முழங்கால் கார்டு, முழங்கை கார்டு, கணுக்காலை மூடுகிற பூட்ஸ் இல்லாமல் ஒருவன் வண்டியில் ஏறினால் அவனைத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். அண்ணன் மகனின் குழுவில் இது இல்லாதவனை நிலத்துக்குள் விடுவதில்லை. வாங்க முடியாதவர்களுக்காக எல்லோரும் பணம் போட்டு இரண்டு செட் பொதுவில் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாத பையனுக்கு வண்டிச் சாவியைக் கொடுக்கிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: சாலையில் அவன் பிடிபட்டால் 2019 சட்டத் திருத்தப்படி உங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. மண்ணில் பழக்குகிறேன் என்று சாலை வழியாக ஓட்டிவரச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளிடம் எனக்கும் ஒரு சண்டை உண்டு. அது ஏரி.

கோடையில் ஏரி வற்றியதும் பைக்கை இறக்கிவிடுகிறார்கள். பரந்த இடம், யாரும் கேட்க மாட்டார்கள், வீடியோவுக்கு அழகாக இருக்கும். கூடாது. வெயில் காலத்தில் ஆள்காட்டிப் பறவை வெறும் தரையில், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிட்டு வைத்திருக்கும். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாலே கண்ணுக்குத் தெரியாது, ஹெல்மெட்டுக்குள் இருக்கிறவனுக்கு எங்கே தெரியும்? ஏரிக்கரை மேல் ஏறி இறங்குவது இன்னும் மோசம். டயர் போட்ட பள்ளம் மழையில் வாய்க்காலாகும், வாய்க்கால் கரையை அரிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரைக்குக் கரை ஆள் நின்று மணல் மூட்டை போட்டதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடு மேய்க்கிற பெரியவர்களுக்கும் அதுதான் மேய்ச்சல் நிலம். நான் இதைச் சொன்னபோது ஒரு பையன், "டீச்சர், தண்ணியே இல்லாத ஏரியில என்ன கெட்டுப்போகும்?" என்றான். தண்ணீர் இல்லாதபோதும் அது ஏரிதான் தம்பி. லீவு விட்டாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தானே.

ஆனால் ஏரியும் கூடாது, சாலையும் கூடாது என்றால் எங்கே போவார்கள்? இதைத்தான் நான் உண்மையில் பேச வந்தேன். கோலார் பக்கத்தில் சந்தோஷ் நடத்தும் மண்தடப் பயிற்சிக் களம் இருக்கிறது. போய்வர ஒரு நாள் லீவும் பெட்ரோலும் கட்டணமும் வேண்டும். கான்ட்ராக்ட் சம்பளக்காரனுக்கு அது கட்டுப்படியாகாது. ஷொரணூரிலிருந்து கிளம்பிய ஹரித் நோவா 2024இல் டக்காரில் ரேலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். பெங்களூர்ப் பெண் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பெண்கள் பிரிவில் உலகக் கோப்பை வாங்கினார். அவர்கள் மாதிரி ஆக வேண்டும் என்று நம் பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. இவ்வளவு பைக் செய்து உலகத்துக்கு அனுப்புகிற இந்தப் பகுதியில், அதைச் செய்கிற பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்க நாலு ஏக்கர் மண் கேட்கிறான்.

தற்போது ஓட்டுகிற நிலம் விற்பனைக்குப் பேசி முடிந்துவிட்டது. தை மாதத்துக்கு மேல் அங்கே போக முடியாது. குழு கலைந்தால் மறுபடி அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரூமில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள், கால் பேர் பைபாஸுக்குப் போவார்கள். யார் யார் என்றுகூட என்னால் பேர் சொல்ல முடியும்.

என் பழைய மாணவர்களில் ஊராட்சியில் பொறுப்பில் இருக்கிறவர்கள் உண்டு. கம்பெனிகளில் பெரிய பதவியில் இருக்கிறவர்கள் உண்டு. பிளாட் போட வாங்கிய நிலத்தைப் பத்து வருஷமாக முள் மண்ட விட்டிருக்கிறவர்களும் உண்டு, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை, எந்தப் பக்கமானாலும் சரி. பட்டா நிலமாக இருக்க வேண்டும், வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு எதுவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், காலை ஆறு முதல் ஒன்பது வரை. சைலன்சர் மாற்றிய வண்டி உள்ளே வராது. விழுந்து அடிபட்டால் நில உரிமையாளர் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள், வேண்டுமானால் நம் வக்கீல் மாணவர் யாராவது அந்தக் கடிதத்தைச் சரியாக எழுதித் தரலாம். நிலத்தில் உள்ள வேலிக்காத்தானையெல்லாம் பிள்ளைகளே வெட்டிச் சுத்தம் செய்துவிடுவார்கள், அதற்கு ஜேசிபி வைத்தால் உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்பாக்ஸில் எழுதுங்கள், அல்லது சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் போன் செய்யுங்கள். காலையில் நான் எடுக்க மாட்டேன், பேத்திக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற நேரம்.