ரிப்போர்ட்டில் பூஜ்ஜியம்... அப்பாவாக வாய்ப்பே இல்லையா?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினால் போதும். கோவில்பட்டி வட்டாரத்தில் குழாயடியிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் ஒரே கேள்விதான்: ‘என்னம்மா, விசேஷம் உண்டா?’ அந்தக் கேள்வி பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறி ஸ்கேன் எடுப்பவளும் அவள்தான். கணவரின் விந்துப் பரிசோதனை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறது. விளைச்சல் பொய்த்தால் கரிசல் விவசாயி மண்ணை மட்டுமா குறை சொல்வார்? விதையையும் பார்ப்பார் அல்லவா!

ஒருவழியாகப் பரிசோதனை செய்தபின், ‘விந்தணுவே இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் பல ஆண்கள் இடிந்துபோகிறார்கள். இதற்கு ‘அஸூஸ்பெர்மியா’ என்று பெயர். நூறு ஆண்களில் சுமார் ஒருவருக்கு இது இருக்கிறது. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இன்னொரு முறையும் பரிசோதிக்க வேண்டும்.

இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், விரையில் விந்தணு உற்பத்தியாகும். வெளியே வரும் குழாய் அடைபட்டிருக்கும் அல்லது பிறவியிலேயே இருக்காது. இவர்களுக்கு ஊசி மூலமே பெரும்பாலும் விந்தணுவை எடுத்துவிடலாம். விரையை ஒட்டிய குழாயிலிருந்து எடுப்பது ‘பீசா’. விரையிலிருந்தே எடுப்பது ‘டீசா’.

இரண்டாவது வகையில் உற்பத்தியே மிகக் குறைவு. இவர்களுக்கு ‘மைக்ரோ டீசி’ அறுவை சிகிச்சை உதவலாம். விரையைத் திறந்து, மைக்ரோஸ்கோப் வழியாக விந்தணு இருக்கக்கூடிய இடங்களைத் தேடி எடுப்பார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும். ஹார்மோன், மரபணுப் பரிசோதனைகளை முதலிலேயே செய்வது அவசியம். ஒய் குரோமோசோமில் சில பகுதிகள் முழுவதும் இல்லாதவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையால் அநேகமாகப் பலன் இருக்காது.

எடுத்த விந்தணு ஒன்றை ஒரு கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவதுதான் ‘இக்ஸி’. 1992-ல் பெல்ஜியத்தில் இந்த முறையில் கர்ப்பங்கள் உண்டானதாக அறிவிக்கப்பட்டது. அதன்பிறகு இப்படிப்பட்ட ஆண்கள் பலருக்கும் வழி பிறந்தது. ஆனால், விந்தணு கிடைத்துவிட்டாலே குழந்தை உறுதி என்று அர்த்தமில்லை.

எனவே, நகையை அடகு வைப்பதற்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ‘எனக்கு எந்த வகை? விந்தணு கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?’ 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, அந்த மையம் பதிவு பெற்றதா என்பதையும் பாருங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, தம்பதியாகவே பஸ் ஏறுங்கள்!