பாவம் என்று சொல்லி எவரைக் காப்பாற்றினோம்?

செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் வந்துவிட்டால், சமயப் பெரியோர்கள் மேடையேறி, தற்கொலை மகாபாவம் என்றும், தெய்வ நம்பிக்கை குன்றியதே அதற்கு மூலகாரணம் என்றும் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். அருகில் அமர்ந்து தலையசைக்கும் அதிகாரிகளோ, சமயத் தலைவர்களின் ஒத்துழைப்புக் கிடைத்துவிட்டதாகத் திருப்தியடைந்து வீடு திரும்புகிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. பக்திக்குப் பஞ்சமே இல்லாத ஒரு தேசத்தின் கணக்கு இது.

பாவம் என்ற சொல் சாக நினைப்பவனின் வாயை அடைக்கிறது. அவன் இறந்த பிறகு குடும்பத்தின் வாயையும் அடைக்கிறது. தன்னுயிரை மனமறிந்து மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கச் சட்ட விதி, 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லை. திருச்சபையே கைவிட்ட தண்டனையை நம் பிரசங்கிகள் நாவினால் நிறைவேற்றிவருகிறார்கள்.

சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரின் சரித்திரத்தை நம் மடாதிபதிகளும் ஆயர்களும் இமாம்களும் ஒருமுறையேனும் படித்தறிய வேண்டும். 1935இல், குருத்துவப் பணிக்கு வந்த புதிதில், லிங்கன் நகரில் அவர் நடத்திவைத்த முதல் அடக்கம் 14 வயதுச் சிறுமி ஒருத்தியுடையது. பூப்பெய்தியதைக் கொடிய நோயென்று எண்ணி, கேட்டுத் தெளிய ஒருவருமின்றி, அந்தக் குழந்தை உயிரை விட்டிருந்தாள். அதை மறவாத அவர், 1953 நவம்பரில், லண்டன் மாநகரின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாவை நினைப்பவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாய் இருக்கச் சாதாரணத் தொண்டர்கள் சிலர் முன்வந்தார்கள். அவர்களிடமே மனத்தைக் கொட்டித் தீர்த்தவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் எழுந்து போவதை அவர் கண்டார். கண்டதோடு, 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அழைப்பவரிடம் தம் மதக் கொள்கையைத் திணிக்கலாகாது என்பது அங்கே விதி. சமாரிட்டன்ஸ் எனப் பெயர்பெற்ற அந்த ஸ்தாபனத்தின் வழியை ஒட்டியே, 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். ஒரு குருவானவர் தம் உபதேசத்தை அடக்கிக்கொண்டதனால் விளைந்த நன்மைக்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

கோயிலையும் தர்காவையும் இந்த விஷயத்தின் பக்கமே அண்டவிடக் கூடாது என்னும் பகுத்தறிவாளர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அவர்கள் ஏர்வாடி தர்காவுக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்களே, அவர்களைக் கட்டிவைத்தது காசுக்கு நடத்தப்பட்ட காப்பகம். காக்கத் தவறியது அரசாங்கம். பிறகு தொழுகையைத் தடுக்காமல் தர்காவின் அருகிலேயே மருத்துவம் கிடைக்கச் செய்த ‘தவா-துவா’ ஏற்பாடு, ஜனங்களின் நம்பிக்கையோடு வைத்தியம் கைகோத்து நடக்க முடியும் என்று காட்டிவிட்டது.

ஆகவே நான் கேட்பது கண்டிப்பான ஒரு சட்டம். அர்ச்சகராயினும் பாதிரியாராயினும் இமாமாயினும், துயரப்பட்டு வந்தவரிடம் “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்கவும், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று அறியவும், சொல்வதைக் குறுக்கிடாமல் செவிமடுக்கவும், அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ வைத்தியரிடமோ கொண்டு சேர்க்கவும் பயிற்சி பெற்றாக வேண்டும். இதைச் செய்தால் ஐந்தாண்டுகளில் இந்தச் சாவுகள் பாதியாகக் குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுக்கும் எந்த ஸ்தாபனத்துக்கும், அது எந்த மதத்தைச் சேர்ந்ததாயினும், சுகமளிக்கும் கூட்டமோ பரிகார பூஜையோ நடத்த இனி மாவட்ட ஆட்சியர் அனுமதி தரக் கூடாது.