ரொக்கையா எழுதி நூறாண்டு தாண்டியாயிற்று

அண்மையில் பினாங்கில் நடந்த ஒரு தமிழ் இலக்கியச் சந்திப்பில் அறிவியல் புனைகதை பற்றிப் பேச்சு வந்தது. மேடையில் இருந்தவர் ஒரே போடாகப் போட்டார்: அது ஆண்களின் ஏரியா, பெண்களுக்குக் குடும்பக் கதைதான் கைவரும். அரங்கில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பேச்சைவிட மோசம் அந்தத் தலையாட்டல்.

இவர்கள் 'சுல்தானாவின் கனவு' பற்றிக் கேள்விப்பட்டதே இல்லையா? 1905இல் மதராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்த கதை அது. எழுதியவர் வங்காளத்தின் பேகம் ரொக்கையா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், இரவில் அண்ணனிடம் ஆங்கிலம் கற்றவர். அவர் படைத்த நாட்டில் ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் பலூனில் குழாய் பொருத்தி மேகத்திலிருந்து நீரை இறக்குகிறது. இன்னொன்று வெயிலைச் சேமிக்கிறது. அடுப்படியில் கரி இல்லை, புகை இல்லை. சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. படையெடுத்து வந்த எதிரியை விரட்டியதும் அதே வெயில்தான். மின்கட்டணம் குறையட்டும் என்று நாம் இன்று கூரையில் சோலார் பலகை மாட்டுகிறோம். அவர் அதை எழுதி நூறாண்டு தாண்டிவிட்டது.

தமிழில் இந்த வகை என்றதும் சுஜாதா பெயர் வருகிறது. வரட்டும், தகுதியானவர். ஆனால் அது ரங்கராஜன் தன் மனைவியிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர். அட்டையில் பெண் பெயரைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, பெண்ணும் எழுதுவாள் என்று தோன்றவில்லை! அமெரிக்காவில் இதற்குத் தலைகீழாக, ஆலிஸ் ஷெல்டன் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் அறிவியல் புனைகதை எழுதினார். இது ஆணின் எழுத்துதான் என்று 1975இல் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க் அடித்துச் சொன்னார். விரைவிலேயே குட்டு உடைந்தது.

பெண்ணுக்கும் தொழில்நுட்பத்துக்கும் தூரம் என்று பினாங்கில் இருந்துகொண்டு சொல்ல எப்படி மனம் வருகிறது? 1972இல் இங்குள்ள பயான் லெப்பாஸில் மின்னியல் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய நாளிலிருந்து, மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்தவர்கள் இளம்பெண்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து, கண் எரிய பஸ் ஏறியவர்களும் அவர்கள்தான்.

மலேசிய எழுத்தாளர் ஸென் சோ 2019இல் அறிவியல் புனைவு, மாயப்புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கினார். அவருடைய 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' நாவல் நடப்பதே பினாங்கில். அது மாயப்புனைவு, கணக்கில் வராது என்பார்கள். சரி, லாவண்யா லக்ஷ்மிநாராயண்? எதிர்காலப் பெங்களூரை வைத்து அவர் எழுதிய நாவல் 2024இல் அறிவியல் புனைகதைக்கான ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தது. தமிழிலேயே சுசித்ரா அறிவியல் புனைகதை எழுதுகிறார். படித்தால்தானே தெரியும். ரொக்கையாவையே படிக்காதவர்கள் இவர்களை எங்கே தேடப் போகிறார்கள்?

இலக்கிய விழாக்களிலும் இதே கதைதான். பெண் எழுத்தாளருக்கு 'பெண் எழுத்து' அமர்வு. வீட்டு வேலைக்கு நடுவே எழுத நேரம் எப்படிக் கிடைக்கிறது என்ற கேள்வி. ரொக்கையா கற்பனையிலேயே அடுப்புப் புகையை ஒழித்துவிட்டார்; நம் மேடைகள் இன்னும் பெண்ணை அடுப்படியில்தான் தேடுகின்றன.

தமிழ்ப்பள்ளி மாணவிகள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வாங்கினால் படத்தோடு செய்தி போடுகிறோம். அதே மாணவி செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் கதையைச் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பினால், 'நம்ம வாழ்க்கையை எழுதும்மா' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அவள் வாழ்க்கையில் ரோபோ இருக்கிறது, நுண்சில்லு இருக்கிறது, அம்மா வேலை செய்த தொழிற்சாலையும் இருக்கிறது.