நாலு மணி நேரம் என்று யார் சொன்னது?

"துபாய் என்ன பெரிய தூரம்? நாலு மணி நேரம்தானே!" டிக்கெட் போட்டுக் கொடுப்பவர் முதல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வரை எங்கள் முதுகுளத்தூரில் இப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை.

மதுரைக்கும் துபாய்க்கும் ஆகாய வழியில் ஏறக்குறைய 2,950 கிலோமீட்டர். நேரடி விமானம் சுமார் நாலு மணி நேரத்தில் போய்விடும், உண்மை. அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுவதால், டிக்கெட்டைப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் போலக்கூடத் தெரியும். ஆனால் விமானம்தான் மதுரையில் கிளம்புகிறது. ஆள் முதுகுளத்தூரில் கிளம்புகிறான்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. மதுரைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய் நிற்க வேண்டும். எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. இது மதுரையில் இடம் கிடைத்தவன் கணக்கு. கிடைக்காதவன் திருச்சிக்கோ, திருவனந்தபுரத்துக்கோ, ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி சென்னைக்கோ ஓடுகிறான். துபாய் இருப்பது வடமேற்கே; இவன் ராத்திரி முழுக்க வடகிழக்கே போகிறான்!

என் அக்கா இறந்தபோது மருமகன் துபாயில் இருந்தான். மதுரைக்கு இடமில்லை, சென்னை வழியாக வந்தான். வானத்தில் நாலு மணி நேரம். சென்னையிலிருந்து வீடு வர பத்து மணி நேரத்துக்கு மேல். ஐஸ் பெட்டியில் எத்தனை நேரம் வைத்திருக்க முடியும்? அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலைமகன் கொள்ளி வைக்கவில்லை.

மதுரையில் ஏன் விமானம் குறைவு? ஓடுபாதை சிறியது என்பார்கள். 2013-இல் துபாய் விமானம் தொடங்கியதும் அதே 7,500 அடி ஓடுபாதையில்தானே! உண்மைக் காரணம் காகிதத்தில் இருக்கிறது. வெளிநாட்டு விமான நிறுவனம் நம் நாட்டில் எந்தெந்த ஊருக்கு வரலாம் என்பதை இரு நாட்டு ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. இலங்கை விமானம் மதுரைக்கு வந்தது. வளைகுடா விமானங்கள் கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வருகின்றன. மதுரைக்கு அந்த அனுமதி இல்லை.

ராமேஸ்வரத்தில் விமான நிலையம் வரப்போகிறதே என்கிறார்கள். 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள், வரட்டும். ஆனால் கட்டடம் மட்டும் போதாது. கண்ணூரில் 2018-இல் பெரிய விமான நிலையமே திறந்தார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுமதி கேட்டு அவர்களும் மன்றாட வேண்டியிருந்தது.

ஆகவே, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் புது விமான நிலையம் கேட்பதற்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள்: மதுரைக்கு வளைகுடா விமான அனுமதி, முதுகுளத்தூருக்கு ரயில். தூரத்தை வீட்டு வாசலிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் கிளம்புவதும் திரும்புவதும் அங்கேதான்.